கருங்காட்டு மலைகளில் சைக்கிள் பயணம்: வழி தவறாமலிருக்க, தவறினால் மீண்டுவர

ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்வார்ட்ஸ்வால்ட் என்னும் கருங்காட்டில் மூன்று நாள் சைக்கிள் பயணம் போனேன். இரண்டாம் நாள் மாலை நான் சேர வேண்டிய ஊர் குட்டாக். ட்ரிபெர்க்கில் அருவி பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மணி மூன்று. அங்கிருந்து குட்டாக் சுமார் 15 கி.மீ., முழுக்க இறக்கம். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கு நான் நின்றது வேறொரு பள்ளத்தாக்கில், எல்ட்சாக் என்ற ஊரில். அணைந்த கைபேசி, ஈரச் சட்டை, நடுங்கும் கால்கள். பதிவு செய்திருந்த அறை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

காரணம் மிகச் சிறியது. கருங்காட்டில் குட்டாக் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நான் கைபேசியில் தட்டியது ஒன்று, அறை எடுத்திருந்தது மற்றொன்று. இந்தப் பயணத்துக்கு முதன்முறையாகக் கிளம்பும் நண்பர்கள் அந்த மாலையை அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சமவெளியில் வழி தவறினால் சில கிலோமீட்டர் வீணாகும், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. தவறான வழியில் 300 மீட்டர் இறங்கிவிட்டால், அந்த 300 மீட்டரையும் பொதியோடு மறுபடி மிதித்து ஏற வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

1. முந்தின இரவே ஊரின் முழுப் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் எழுதிவையுங்கள்

நான் அறை எடுத்திருந்த குட்டாக், ஷ்வார்ட்ஸ்வால்ட்பான் என்ற மலை இரயில் பாதையில் ஹௌசாக்குக்கும் ஹோர்ன்பெர்க்குக்கும் இடையில் இருக்கிறது. அதன் அஞ்சல் குறியீடு 77793. பழைய பண்ணை வீடுகளைக் காட்டும் ஃபோக்ட்ஸ்பௌயர்ன்ஹோஃப் திறந்தவெளி அருங்காட்சியகம் இங்கேதான் உள்ளது. இன்னொன்று குட்டாக் இம் ப்ரைஸ்காவ், எல்ட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஃப்ரைபுர்க்குக்கு அருகில். அதன் குறியீடு 79261. இரண்டுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர் கிடக்கிறது.

இது ஏதோ அரிதான விபத்து என்று நினைக்காதீர்கள். சங்க்ட் கேயோர்கன் என்பது மலை மேல் ஒரு நகரம். ஃப்ரைபுர்க்குக்குள்ளும் அதே பெயரில் ஒரு பகுதி உண்டு. ஷோனாக், ஷேன்வால்ட் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். களைத்த கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நாய்ஸ்டட் என்ற பெயரில் நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு இரவுத் தங்கலுக்கும் நான்கு விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஊரின் முழுப் பெயர், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர் அமைந்திருக்கும் பள்ளத்தாக்கு அல்லது ஆறு, விடுதியின் தொலைபேசி எண். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் பேட்டரியோடு அதுவும் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வழிகாட்டும் செயலி பாதை போட்டதும், ‘தொடங்கு’ என்பதை அழுத்துமுன் இரண்டு எண்களைப் பாருங்கள்: மொத்தத் தொலைவு, மொத்த ஏற்றம். ட்ரிபெர்க்கில் எனக்குக் காட்டிய தொலைவு 15 கி.மீ.யைப் போல இருமடங்குக்கும் மேல். கண்ணில் பட்டது, ஆனால் மனதில் பதியவில்லை. இறங்க வேண்டிய நாளில் செயலி உங்களை ஏறச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். செயலி என்னை அனுப்பிய வழியில் உள்ள ஷோனாக் சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தை நான் மூச்சிரைக்க மிதித்து முடித்தேன், ஏன் ஏறுகிறேன் என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

2. நாளைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

பொதி ஏற்றிய சைக்கிளில் புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ., அதோடு ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 50 கி.மீ. தொலைவும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாள் என்றால் மிதிக்கும் நேரமே ஆறு மணி இருபது நிமிடம். சாப்பாடு, இளைப்பாறல், படம் எடுப்பது எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரம். முதல் நாளுக்கு இதற்கு மேல் திட்டமிடாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். நான் போன செப்டம்பர் கடைசியில் ஏழேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். குறுகலான பள்ளத்தாக்கில் அதற்கும் வெகுமுன்பே மலை நிழல் விழுந்து குளிரத் தொடங்கும். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக விடுதியில் இருப்பது என்று நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வழி தவறினால் செலவழிக்க அந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் கையிருப்பு.

3. இரண்டு வரைபடங்கள் வேண்டும்

கைபேசியில் ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஏதாவது ஒரு செயலியில் அந்தப் பகுதி முழுவதையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இவை இணையம் இல்லாமலே வேலை செய்யும். பள்ளத்தாக்குகளில் அலைவரிசை கிடைக்காத இடங்கள் நிறைய. சிக்னல் போனால் இருப்பிடமும் தெரியாது என்று பலர் நினைத்துப் பதறுகிறார்கள். செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்ட கைபேசிக்கு சிம் சிக்னல் தேவையில்லை. விமானப் பயண நிலையில் வைத்தாலும் உங்கள் புள்ளி வரைபடத்தில் நகரும். அந்த நிலையில் வைத்தால் பேட்டரியும் வெகுநேரம் தாங்கும், ஏனென்றால் சிக்னல் தேடித் தேடித்தான் கைபேசி களைத்துப்போகிறது. பவர் பேங்க் ஒன்று கட்டாயம்.

காகித வரைபடத்தையும் வாங்குங்கள். ஜெர்மானியச் சைக்கிள் சங்கமான ஏடிஎஃப்சி வெளியிடும் வட்டார வரைபடங்கள் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. சுமார் பத்து யூரோ. கைபேசித் திரையில் தெரிவது அடுத்த திருப்பம் மட்டுமே. காகிதத்தை விரித்தால் எந்த ஆறு எந்தப் பக்கம் போகிறது, மலைத்தொடருக்கு அப்பால் எந்த ஊர் என்று ஒரே பார்வையில் தெரியும். சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடந்தால் அங்கே ஏற்றம் செங்குத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருங்கள்.

4. ஆவணங்கள், பணம்

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சந்திப்பு நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆவதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். சைக்கிள் பயணத்தில் இரவுகள் மாறக்கூடும் என்பதால், ரத்து செய்ய வசதியுள்ள அறைகளாகப் பதிவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை விடுதியில் காட்ட வேண்டியிருக்கும். வெளிநாட்டு விருந்தினர்கள் பதிவுப் படிவம் நிரப்பும் விதி இன்றும் இருக்கிறது. ஆகவே சைக்கிள் வாடகைக் கடையில் அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். வைப்புத் தொகை கட்டுங்கள், நகல் கொடுங்கள். சாதாரண சுற்றுலா சைக்கிளுக்கு நான் நாளொன்றுக்கு 18 யூரோ கொடுத்தேன். மின்சார சைக்கிள் அதைப்போல இருமடங்கு. கிளம்புமுன் பிரேக் கட்டையின் தடிமனையும், முன் பின் விளக்குகளையும் கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். விளக்கும் மணியும் இங்கே சட்டப்படி கட்டாயம்.

தங்க, ‘பெட் ப்ளஸ் பைக்’ என்ற ஏடிஎஃப்சி முத்திரை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். ஒரே ஒரு இரவுக்கும் அறை தருவார்கள், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் நனைந்த துணியைக் காயவைக்க வசதியும் இருக்கும். சிறிய ஊர்களில் அட்டை வாங்காத விடுதிகள் உண்டு. நூறு யூரோவாவது ரொக்கமாக வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். கிராமத்து உணவகங்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறை. சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போடுங்கள். தண்ணீருக்கு நான் கண்ட வழி, கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் உள்ள குழாய். ‘கைன் ட்ரிங்க்வாசர்’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல.

5. பலகைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். அன்று இவற்றில் பாதி எனக்குத் தெரிந்திருந்தால் ஷோனாக் தாண்டியதுமே திரும்பியிருப்பேன்.

சைக்கிள் பாதைக்கான பலகைகள் இங்கே வெள்ளைப் பின்னணியில் பச்சை எழுத்து. மேல் வரியில் தொலைவில் உள்ள ஊர், கீழ் வரியில் பக்கத்து ஊர், இரண்டுக்கும் எதிரே கி.மீ. பெரிய பலகைகளுக்கு நடுவில் சைக்கிள் படமும் அம்புக்குறியும் மட்டும் உள்ள சிறிய சதுரப் பலகைகள் வரும். அவற்றில் ஊர்ப் பெயர் இருக்காது. அங்கேதான் ஆபத்து. இரண்டு சைக்கிள் பாதைகள் பிரியும் இடத்தில் பெயரில்லாத சதுரத்தை நம்பித் திரும்பினால் மற்ற பாதையில் போய்விடுவீர்கள். அடுத்த பெரிய பலகையில் உங்கள் ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். தொடர்ந்து இரண்டு சந்திப்புகளில் எந்தப் பலகையும் இல்லை என்றால் எதையோ விட்டுவிட்டீர்கள், திரும்புங்கள்.

மரங்களில் தெரியும் சாய்சதுரக் குறிகள் நடப்பவர்களுக்கானவை. சிவப்புச் சாய்சதுரம், ப்ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை 285 கி.மீ. செல்லும் வெஸ்ட்வேக் நடைபாதையின் குறி. மஞ்சள், உள்ளூர் நடைபாதைகள். இவற்றைத் தொடர்ந்தால் வேரும் கல்லும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் மாட்டிக்கொள்வீர்கள். அது மட்டுமல்ல, கருங்காடு அமைந்திருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டப்படி இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. தனியாக அனுமதித்துக் குறியிட்ட பாதைகள் மட்டும் விலக்கு. ஆனாலும் நடைபாதைக் கம்பங்களைப் பார்க்காமல் போகாதீர்கள். அந்த இடத்தின் பெயரும் கடல் மட்டத்திலிருந்து உயரமும் அவற்றில் எழுதியிருக்கும். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்விக்குக் காட்டுக்குள் கிடைக்கும் மிக நம்பகமான பதில் அதுதான்.

அடுத்த பொறி, மரம் வெட்டி ஏற்றிச் செல்லப் போட்ட காட்டுச் சாலை. அகலமாக இருக்கும், சரளை இறுக்கிப் போட்டிருக்கும், ஏறாமல் இறங்காமல் மலையைச் சுற்றிக்கொண்டே போகும். களைத்த கால்களுக்கு அது சொர்க்கம். மூன்று கிலோமீட்டர் போன பிறகு லாரி திரும்பும் வட்டத்தில் முடிந்துவிடும். அன்று இப்படிப்பட்ட இரண்டு சாலைகளின் முடிவைப் பார்த்தேன். சாலை வரைபடத்தில் மறுபக்கம் எங்காவது போய்ச் சேர்கிறதா என்று பார்க்காமல் இவற்றில் நுழையாதீர்கள்.

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சொற்கள் சில. ‘உம்லைட்டுங்’ மாற்றுவழி. ‘கெஷ்பெர்ட்’ மூடப்பட்டது. ‘ராட்ஃபாரர் ஃப்ரை’ சைக்கிளுக்கு அனுமதி உண்டு. ‘லேபன்ஸ்கெஃபார்’ உயிருக்கு ஆபத்து. மரம் வெட்டும் இடங்களில் வைத்திருப்பார்கள், சத்தம் கேட்கவில்லை என்றாலும் அதைத் தாண்டாதீர்கள்.

6. வழி தவறியது தெரிந்ததும்

முதலில் நில்லுங்கள். சந்தேகம் வந்த இடத்திலேயே நில்லுங்கள்; ‘அந்த வளைவு வரை போய்ப் பார்ப்போம்’ வேண்டாம். முக்கியமாக, எங்கே இருக்கிறீர்கள் என்று உறுதியாகும்வரை இறங்காதீர்கள். இறக்கம் இரண்டு நிமிடத்தில் உங்களிடமிருந்து பறிப்பதை மீட்க அரை மணி நேரம் ஆகும். நான் ஷோனாக் தாண்டிக் காட்டுக்குள் சந்தேகம் வந்த பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தேன், இறங்க வேண்டிய நாள்தானே என்று. திரும்பி ஏறத் தெம்பில்லாத அளவுக்கு இறங்கிய பிறகுதான் ‘எல்ட்சாக்’ என்ற பெயரைப் பலகையில் பார்த்தேன்.

நின்ற பிறகு தண்ணீர் குடியுங்கள், எதையாவது சாப்பிடுங்கள், மேல்சட்டை போடுங்கள். வியர்த்த உடம்பு மலைக்காற்றில் பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். குளிரில் எடுக்கும் முடிவுகள் மோசமானவை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் வந்தீர்கள் என்று யோசியுங்கள்.

இருபது நிமிடத்துக்குள் திரும்பிவிட முடியும் என்றால், ஏற்றமாக இருந்தாலும் திரும்புங்கள். முடியாது, வெளிச்சமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் அன்றைய இலக்கை மறந்துவிடுங்கள். இனி உங்கள் வேலை ஏதாவது ஓர் இரயில் நிலையத்தை அடைவது மட்டும். கருங்காட்டின் மேற்குப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் இரயில் இருக்கிறது: கின்ட்சிக் பள்ளத்தாக்கில் ஹௌசாக், எல்ட்ஸ் பள்ளத்தாக்கில் எல்ட்சாக், முர்க் பள்ளத்தாக்கில் ராஸ்டட் வரை. தார்ச் சாலையைப் பிடித்து, ஓடும் நீரின் திசையில் கீழே போங்கள். ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஊர் இருக்கும். ஓடைக்கரைப் பாதையில் மட்டும் இறங்காதீர்கள், சாலையில் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஃபூர்ட்வாங்கன், சங்க்ட் கேயோர்கன் பக்கத்தில் ப்ரெக், ப்ரிகாக் ஆறுகள் ரைனுக்குப் போவதில்லை, கிழக்கே போய் டான்யூபாகின்றன. அந்தப் பக்கம் இறங்கினால் ஃபில்லிங்கன் அல்லது டோனௌஎஷிங்கனில் போய் நிற்பீர்கள். அங்கேயும் இரயில் உண்டு, ஆனால் உங்கள் விடுதிக்கு நேர் எதிர்த்திசை. அன்றன்றைய வழியில் எந்த ஆறு எங்கே போகிறது என்று காலையிலேயே பார்த்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

வழியில் ஆளைக் கண்டால் தயங்காமல் கேளுங்கள். ‘இது குட்டாக் போகும் வழியா’ என்று நான் ஒரு விவசாயியிடம் கேட்டேன்; ஆம் என்றார். அவர் சொன்னது உண்மைதான், அவருடைய குட்டாக்குக்கு. காகித வரைபடத்தை விரித்து, ‘வோ பின் இஷ்?’ என்று கேளுங்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று பொருள். அவர் விரலை வைத்துக் காட்டட்டும்.

7. இருட்டிவிட்டால், அடிபட்டால்

அவசர எண் 112. ஜெர்மனியில் சிம் இல்லாத கைபேசியிலிருந்து இதை அழைக்க முடியாது. 2009இலிருந்து இதுதான் விதி. ஆகவே இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு வெறும் கைபேசியோடு சுற்றாதீர்கள். காட்டுச் சந்திப்புகளில் பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவையும் ஓர் எண்ணும் உள்ள பலகைகள் இருக்கின்றன. ‘ரெட்டுங்ஸ்புங்ட்’, அதாவது மீட்புப் புள்ளி. அந்த எண்ணைச் சொன்னால் போதும், எங்கே வருவது என்று அவர்களுக்குத் தெரியும். அருகிலுள்ள மீட்புப் புள்ளியைக் காட்ட ‘ஹில்ஃபே இம் வால்ட்’ என்ற செயலி இருக்கிறது, ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பகலில் அந்தப் பலகைகளைக் கடக்கும்போதெல்லாம் ஒரு படம் எடுத்துவைப்பது இப்போது என் வழக்கம்.

அடிபடவில்லை, வெறும் இருட்டுதான் என்றால் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு சாலைக்கு வாருங்கள். பின்விளக்கு எரியட்டும். காட்டில் கூடாரம் போட அனுமதி கிடையாது.

8. இரயிலும் விடுதியும்

பாடன்-வூர்ட்டம்பெர்க்கின் உள்ளூர் இரயில்களில், வார நாட்களில் காலை 6 முதல் 9 மணி வரை தவிர, பொதுவாகச் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடம் உறுதி இல்லை. கோடை ஞாயிறு மாலைகளில் ஏற்ற மறுப்பார்கள். நாடு முழுவதும் உள்ளூர் இரயில், பஸ்களில் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதில் சைக்கிள் அடங்காது, அது ஒரு சந்தா, அந்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுப்பார்கள். கருங்காட்டு விடுதிகள் பலவற்றில் தங்கும்போது கோனுஸ் என்ற விருந்தினர் அட்டை தருவார்கள். அதைக் காட்டி அந்த வட்டாரத்துப் பஸ்களிலும் உள்ளூர் இரயில்களிலும் இலவசமாகப் போகலாம். கேட்டு வாங்குங்கள்.

ஒரு குட்டாக்கிலிருந்து மற்றதற்கு இரயிலில் போக டென்ட்ஸ்லிங்கன், ஓஃபன்பர்க் என்று இரண்டு இடங்களில் மாறி ஹௌசாக்குக்கு வர வேண்டும். அன்று இரவு அதற்கு எனக்குத் தெம்பில்லை. எல்ட்சாக்கிலேயே 70 யூரோவுக்கு ஓர் அறை எடுத்தேன்.

விடுதிக்கு மாலை ஆறு மணிக்குள் அழைத்துவிடுங்கள். சிறிய விடுதிகளில் இரவு வரவேற்பறை கிடையாது, சமையலறையும் எட்டு மணிவாக்கில் மூடிவிடும். நான் கைபேசிக்கு உயிரூட்டி அழைத்தபோது ஒன்பது மணி. அந்த அம்மா அதுவரை வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்குமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘எந்தக் குட்டாக்கில் இருக்கிறீர்கள்?’ என்பதுதான். மறுநாள் காலை சைக்கிளோடு இரயிலில் வந்து சேர்ந்தேன். அறை வாடகையில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, சூடான சூப் கொடுத்தார்.